பதினொரு கிராம்

நகைக்கடன் ஆபீஸில்
கடைசி ஆள் போனபின்
தராசில் வைத்தேன் என் டூத் பிரஷ்ஷை.
பதினெட்டு கிராம்.
ஆக்சா பிளேடால் கழுத்துக்குக் கீழே அறுத்தேன்.
ஏழு.
மிச்சப் பதினொன்றைக் குப்பையில் போடும்போது
யாருடைய தோட்டையோ
வட்டியில்லாமல் திருப்பிக் கொடுத்ததுபோல் இருந்தது.

பேஸ்ட்டை அப்படியே தூக்க மனமில்லை.
ட்யூப் எடை, மூடி எடை,
உள்ளிருக்கும் ஈரமும் எடை.
பட்டர் பேப்பரில் மொச்சை மொச்சையாய்ப் பிதுக்கி
மொட்டைமாடியில் மூன்று நாள் வெயில்.
சோடா உப்பில் புரட்டி டப்பாவில் போட்டேன்.
ஐந்து நாளுக்குப் பத்து வில்லை.
எதிர்வீட்டு சோலைமலை
"வடகமா சார்?" என்றார்.
ஆமாம் என்றேன்.

மூக்கையூரிலிருந்து மண்டபம் வரை
கடலை வலது தோளுக்கு வைத்து நடப்பதாகத் திட்டம்.

வாலிநோக்கத்தில் முதல் காலை.
வில்லை சுண்ணாம்பாய் உதிர்ந்து
யோசித்துப் பிறகு நுரைத்தது.
அரைப் பிரஷ்ஷைப் பிடிக்க இரண்டு விரலுக்குத்தான் இடம்.
கடைவாய்க்குப் போனால் விரலும் கூடவே போகிறது.
தண்ணீர், லிட்டருக்கு ஒரு கிலோ.
இங்கே அது தள்ளுவண்டியில் எட்டுக் குடமாய் வருகிறது.
தள்ளுகிறவளின் கழுத்து நரம்பைப் பார்த்தபின்
கொப்பளிக்க பாட்டில் மூடியைத்
திறக்கக் கை வரவில்லை.
கடலை அள்ளி வாயில் விட்டேன்.
புதினாவும் உப்பும்
ஒன்றையொன்று மன்னிக்கவேயில்லை.

ஆலும் வேலும் பல்லுக்குறுதியாம்.
ஏர்வாடி வரை ஓர் ஆலும் கண்ணில் படவில்லை.
வேலுக்குப் பஞ்சமில்லை, எல்லாம் சீமை.
அது சொலவடையில் சேர்த்தியா என்று
முள் ஏறிய குதிகாலிடம்
கேட்டுக்கொண்டே நடந்தேன்.

கீழக்கரை தாண்டுகையில் பையின் வார் அறுந்தது.
பல்லிடுக்கு நூலை ஊசியில் கோத்துத் தைத்தேன்.
மெழுகு நூல், தோலுக்குள் வெண்ணெயாய்ப் போனது.
அதற்குள் டப்பாவில்
புழுக்கத்துக்கு இளகிய வில்லைகள்
ஒரே உருண்டையாகிவிட்டன.
அன்றிலிருந்து வீட்டுச் சாவியால் சுரண்டித்தான் பல் துலக்கினேன்.

முனைக்காட்டில்
தார்ப்பாய் நிழலில் பாசி கட்டிக்கொண்டிருந்தாள் சேதுராக்கு.
ஒரு கயிற்றுக்கு இருபது முடிச்சு.
ஒவ்வொரு முடிச்சிலும் நூலைக்
கடித்து அறுத்தாள்.
முன்பல் ஒன்றில்
நூல் வந்து உட்கார ஒரு சின்னப் பள்ளம்.

"கத்தி இல்லையா?"
"அத எடுக்க இன்னொரு கை வேணும்ல."

என் டப்பாவை வாங்கி மோந்தாள்.
"இந்தப் பாசியத்தான்
பேஸ்ட்டு கெட்டியாகப் போடுறாகளாம்,
கம்பெனிக்காரரு சொன்னாரு.
நாங்க வத்தலாக்கிக் குடுக்குறோம்.
அவுக தண்ணி ஊத்தி ட்யூபுல அடைக்கிறாக.
நீங்க மறுபடி வத்தல் போட்டு
எங்கிட்டயே கொண்டாந்துருக்கீக."
பக்கத்தில் நாலு பெண்கள் சிரித்தார்கள்.
நானும் கொஞ்சம் தாமதமாய்ச் சிரித்தேன்.

"ஐஸ்கிரீமுக்கும் போகுதாம்.
நான் திங்க மாட்டேன். பல்லு கூசும்."

பல்லிடுக்கு நூலை இழுத்துக் கடித்துப் பார்த்தாள்,
நான் மோதிரத்தை உரசிப் பார்ப்பதுபோல.
ஒரு பாசிக்கொத்தை அதில் கட்டிப்
பிடித்து ஆட்டினாள்.
நிற்கிறது.
அந்த முடிச்சை அறுத்ததும் அதே பள்ளம்தான்.
சுருளை அவளிடமே விட்டேன்.
நாலு கிராம் இறங்கியதைத்
தோள் கண்டுகொள்ளவில்லை.

மண்டபத்தில் ராத்திரி
சூடை மீன் குழம்பு.
கடைவாயில் ஒரு முள் தங்கிவிட்டது.
அரைப் பிரஷ் எட்டவில்லை.
மதுரை வரைக்கும் ரயிலில்
நாக்கு அதைத் தொட்டுத் தொட்டு
எடை போட்டுக்கொண்டே வந்தது.